ஒரே சிப், இரண்டு விலை: நத்திங் போன் (3)-க்கு 80,000 ரூபாய் தகுமா?

2025 ஜூன் 24-ஆம் தேதி போக்கோ எஃப்7 இந்தியாவில் அறிமுகமானது. விலை 31,999 ரூபாய். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 1-ஆம் தேதி, லண்டனில் நத்திங் போன் (3) அறிமுகமானது. இந்திய விலை 79,999 ரூபாய். இரண்டிலும் 12 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பிடம். இரண்டுக்குள்ளும் இருக்கும் சிப் ஒன்றேதான்: குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 4. விலை வித்தியாசம் 48,000 ரூபாய்.

அந்த 48,000 எங்கே போகிறது என்பதுதான் இந்தக் குறிப்பின் கேள்வி. "மிட்ரேஞ்ச் சிப்பைப் போட்டுவிட்டு ஃபிளாக்‌ஷிப் விலை கேட்கிறான்" என்று யூடியூப்காரர்கள் அன்று மாலையே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தீர்ப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் போதாது என்று நினைக்கிறேன். சிப்பின் பெயரைப் பார்த்து விலையை முடிவு செய்வது, அரிசி மூட்டையின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து அரிசி வாங்குவது மாதிரி.

இதில் நான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டி வந்ததற்குக் காரணம் என் அக்கா பையன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை. ஜூலை முதல் வாரம் போன் பண்ணினான். "மாமா, 24 மாசத் தவணையில போட்டா மாசம் 3,333 தானுங்க மாமா. வட்டி இல்லை." பையன் கணக்குச் சரிதான், 79,999-ஐ 24-ஆல் வகுத்தால் அதுதான் வரும். ரூம் வாடகை, சாப்பாடு, படிப்புக்கு வாங்கிய கடன் எல்லாம் போக அவன் கையில் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். "ஒரு வாரம் பொறு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். 2014-லிருந்து போன்களின் அறிமுக விலைகளை ஒரு எக்செல் ஃபைலில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு (வீட்டில் இதற்கு நல்ல பெயர் கிடையாது). அதைத் திறந்தேன்.

முதலில் சிப். 8எஸ் ஜென் 4-ஐ 2025 ஏப்ரலில் குவால்காம் வெளியிட்டது. அந்த 'எஸ்' வந்தாலே "முழு ஃபிளாக்‌ஷிப் இல்லை, ஒரு படி கீழே" என்று பொருள். அப்போது மேல்படியில் இருந்தது 2024 அக்டோபரில் வந்த 8 எலைட். குவால்காம் சொந்தமாக வடிவமைத்த ஓரியான் கோர்கள், 3 நானோமீட்டர் தயாரிப்பு. 8எஸ் ஜென் 4-இல் இருப்பது ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் எக்ஸ்4 கோர் ஒன்றும், ஏ720 கோர்கள் ஏழும். தயாரிப்பு 4 நானோமீட்டர். எக்ஸ்4 என்பது 2023 இறுதியில் வந்த 8 ஜென் 3-இல் இருந்த அதே முதன்மைக் கோர். அதாவது இந்தச் சிப்பை ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஃபிளாக்‌ஷிப்பின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

தம்பி மோசமா? இல்லவே இல்லை. வாட்ஸ்அப், யுபிஐ, யூடியூப், மேப், நாலு வங்கி ஆப், ராத்திரி ஒரு மணிநேரம் கேம், இதற்கெல்லாம் 8 எலைட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்றைய ஆப்கள் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் காரணம் எங்கள் ஆட்கள்தான், சிப் அல்ல. அதனால் "தினசரிப் பயன்பாட்டுக்கு இந்தச் சிப் போதும்" என்று நத்திங் தரப்பு சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "போதும்" என்ற வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். இந்தச் சிப் போதும் என்றால் 32,000 ரூபாய் போனிலும் அதேதானே இருக்கிறது? போதுமானதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? இதற்கு விடையை நத்திங் வேறு இடத்தில்தான் காட்டியாக வேண்டும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

48,000-இல் முதல் பங்கு அரசாங்கத்துக்கு. செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 79,999-க்குள் வரி ஏறக்குறைய 12,200, 31,999-க்குள் 4,880. ஆக வித்தியாசத்தில் 7,300 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. மிச்சம் சுமார் 40,700. நத்திங் நமக்குக் கணக்குக் காட்ட வேண்டியது இந்தத் தொகைக்குத்தான்.

இதில் பெரிய பங்கு கேமராவுக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். போக்கோவில் முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல், கூடவே பெயருக்கு ஒரு 8 மெகாபிக்சல் அகலக் கோணம், அவ்வளவுதான். நத்திங்கில் பின்னால் மூன்று கேமரா, மூன்றும் 50 மெகாபிக்சல், அதில் ஒன்று 3 மடங்கு பெரிதாக்கும் பெரிஸ்கோப். முன்கேமராவும் 50. மெகாபிக்சலை விடுங்கள், அது விளம்பரப் பலகைக்கான எண். பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. நத்திங்கின் முதன்மைச் சென்சார் 1/1.3 அங்குல வகை, போக்கோவினுடையது 1/1.95. பின்னத்தில் எழுதுவதால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். இரண்டையும் வகுத்து வர்க்கம் எடுத்தால் பரப்பளவில் 2.25 மடங்கு வருகிறது. மழைத்தண்ணீர் பிடிக்க வாசலில் குடம் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். ராத்திரிக் கல்யாண வரவேற்பில், மங்கலான கோயில் பிரகாரத்தில் இது கண்கூடாகத் தெரியும் சமாச்சாரம். நாலு கேமராவிலும் 4கே வீடியோ விநாடிக்கு 60 பிரேம் எடுக்கலாம் என்பதும் இந்த வகையில் நல்ல விஷயம்.

சரி, கேமராவுக்கு விலை கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒப்பிட வேண்டிய போன் போக்கோ கிடையாது. 2025 ஜனவரியில் 69,999 ரூபாய்க்கு வந்த ஒன்பிளஸ் 13. அதிலும் 12 ஜிபி, 256 ஜிபி. பின்னால் மூன்று 50 மெகாபிக்சல். பெரிஸ்கோப்பின் சென்சார் 1/1.95 வகை. நத்திங்கின் பெரிஸ்கோப் சென்சாரோ 1/2.75. மறுபடி வர்க்கம் எடுத்தால், ஒன்பிளஸின் தொலைதூரக் கேமராவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு. சிப் 8 எலைட். பேட்டரி 6,000 எம்ஏஎச், நத்திங்கின் இந்தியப் பதிப்பில் 5,500. வயர்லெஸ் சார்ஜிங் 50 வாட், நத்திங்கில் 15. எல்லாம் பத்தாயிரம் ரூபாய் குறைவாக, அதுவும் ஆறு மாதம் முன்னால். கீழேயிருந்து வரும் போட்டியைக்கூட நத்திங் சமாளித்துவிடலாம். மேலேயிருந்து வருவதைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

கேமரா விஷயத்தில் ஒரு இடைச்செருகல். ஆகஸ்ட் மாதம் ஒரு சங்கடம் நடந்தது. கடைகளில் பார்வைக்கு வைக்கும் போன் (3)-களில், இந்தப் போனில் எடுத்தவை என்பது போலக் காட்டிய படங்கள் உண்மையில் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் வேறு கேமராவில் எடுத்து விற்பனைக்கு வைத்திருந்தவை என்று தெரிய வந்தது. கடைகளுக்காக முன்கூட்டியே தயாரித்ததில் தற்காலிகமாக வைத்த படங்கள், பிறகு மாற்ற விட்டுப்போயிற்று என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. நான் அதை நம்புகிறேன். டம்மி டேட்டாவோடு ரிலீஸ் போன கதை எங்கள் தொழிலில் எவ்வளவோ உண்டு. ஆனால் 80,000 ரூபாய் கேட்பதற்கான முதல் நியாயமே கேமராதான் எனும்போது அந்த இடத்தில் இப்படி விட்டுப்போகக் கூடாது.

அடுத்து, எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்பது. என்னைக் கேட்டால் ஒரு பொருளின் உண்மையான தரநிலை தெரிவது இங்கேதான். எங்கே செலவழித்தோம் என்று எல்லோரும் மேடை போட்டுச் சொல்வார்கள், எங்கே மிச்சம் பிடித்தோம் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

முன்பக்கக் கண்ணாடி கொரில்லா கிளாஸ் 7ஐ. கார்னிங் நிறுவனம் 2024-இல் இதை வெளியிட்டபோதே நடுத்தர, குறைந்த விலைப் போன்களுக்கானது என்று சொல்லித்தான் வெளியிட்டது. போக்கோ எஃப்7-இன் முன்னாலும் இதே 7ஐ. வேடிக்கை என்னவென்றால் நத்திங்கின் பின்பக்கக் கண்ணாடி அதைவிட உசத்தியான விக்டஸ். விரல் படும் பக்கத்துக்கு மலிவு, விளக்கு எரியும் பக்கத்துக்கு உயர்வு. திரையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. 2023-இல் வந்த போன் (2)-இல் எல்டிபிஓ திரை. அசையாத படம் இருக்கும்போது விநாடிக்கு 1 முறை வரை புதுப்பிப்பைக் குறைத்துக்கொண்டு பேட்டரியை மிச்சப்படுத்தும் வகை. போன் (3)-இன் திரை 30-க்குக் கீழே இறங்காது. அதாவது இரண்டு வருடம் கழித்து, இன்னும் அதிக விலைக்கு வந்த போனில், ஒரு படி பின்னால் போயிருக்கிறார்கள். போன் (2)-இன் 256 ஜிபி பதிப்பு அறிமுக விலை 49,999.

இப்போது அந்த விளக்கு. நத்திங்கின் அடையாளமே பின்பக்கத்தில் எரியும் வெள்ளை விளக்குக் கோடுகள்தான். போன் (1)-லும் (2)-லும் இருந்தது. யார் கூப்பிடுகிறார் என்று மேசையில் கவிழ்த்து வைத்த போனே சொல்லும், திரையைப் பார்க்கும் நேரம் குறையும் என்பது யோசனை. எனக்குப் பிடித்த யோசனை. கோடுகள் பெரிதாக இருந்ததால் இருட்டில் படம் எடுக்க மெல்லிய விளக்காகவும் பயன்பட்டது. போன் (3)-இல் இதைத் தூக்கிவிட்டு, ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு குட்டித் திரை வைத்தார்கள். 489 எல்இடி. பெயர் க்ளிஃப் மேட்ரிக்ஸ். அதில் மணி தெரியும், ஸ்டாப்வாட்ச் ஓடும், கல்-காகிதம்-கத்தரி விளையாடலாம், பாட்டில் சுற்றலாம்.

பொறியியல் ரீதியாக அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் திரையைப் பார்ப்பதைக் குறைக்க வந்த யோசனை, பின்னால் இன்னொரு திரையாக முடிந்திருக்கிறது. கோடு என்றால் கண் ஓரத்தில் பட்டாலே புரியும். குட்டித் திரை என்றால் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியைத் தேட வேண்டும். விமர்சனம் என்று வந்தால் இந்தப் போனில் நான் அதிகமாகக் குறைப்பட்டுக்கொள்வது சிப்பைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். மற்ற எவனிடமும் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது. விலையை ஏற்றிய அதே வருடம் அதை விளையாட்டுச் சாமானாக்கிவிட்டார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவர் இதை வாங்கினார், ஒரு வாரம் மாற்றி வைத்துக்கொண்டோம். மென்பொருள் சுத்தமாக இருந்தது. எழுத்துரு, ஐகான், அமைப்புகள் பக்கம், எல்லாவற்றிலும் ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று தெரிகிறது. இது சாதாரண விஷயம் கிடையாது. 30,000 ரூபாய்ப் போன்கள் பலவற்றில் புதுசாகப் பெட்டியைப் பிரித்தவுடன் கேட்காத ஆப்கள் வந்து உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றாகத் துரத்த அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கும் ஒரு விலை உண்டு. இந்தப் போனைக் கையில் எடுத்தால் நாலு பேர் "என்ன போன் இது?" என்று கேட்பார்கள், அதற்கும் ஒரு விலை உண்டு. அக்கா பையன் சொன்னதும் இதைத்தான்: "எல்லாரும் ஒரே மாதிரி போன் வெச்சிருக்காங்க மாமா." இதை அற்பம் என்று நான் தள்ள மாட்டேன். அந்த வயதில் நான் பைக் வாங்கியபோது மைலேஜ் மட்டுமா பார்த்தேன்?

இனி ஆளைப் பற்றி. நத்திங்கின் நிறுவனர் கார்ல் பெய். 2013 டிசம்பரில் பீட் லாவுடன் சேர்ந்து ஒன்பிளஸைத் தொடங்கியவர். 2014-இல் ஒன்பிளஸ் ஒன் வந்தபோது அதன் விளம்பர வாசகமே "ஃபிளாக்‌ஷிப் கில்லர்". அந்த வருடத்து உச்சச் சிப்பான ஸ்னாப்டிராகன் 801-ஐப் போட்டு இந்தியாவில் 64 ஜிபி போனை 21,999 ரூபாய்க்கு விற்றார்கள். அதே வருடம் சாம்சங் கேலக்ஸி எஸ்5 இங்கே அறிமுகமான விலை 51,500. பெரிய கம்பெனி கேட்கும் விலையில் பாதிக்கு மேல் பெயருக்குத்தான் போகிறது என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தவர் இவர். 2020-இல் அங்கிருந்து விலகி 2021 தொடக்கத்தில் லண்டனில் நத்திங்கை அறிவித்தார். 2022-இல் போன் (1) 32,999, நடுத்தரச் சிப், நியாயமான விலை, இந்தியாவுக்கான போன்கள் தமிழ்நாட்டிலேயே தயாரானவை. அடுத்த வருடம் போன் (2) 44,999-இலிருந்து, அதில் ஒரு வருடப் பழைய ஃபிளாக்‌ஷிப் சிப். 2025-இல் "எங்கள் முதல் உண்மையான ஃபிளாக்‌ஷிப்" என்று 79,999. சாம்சங் எஸ்25 80,999, ஐபோன் 16 அறிமுகத்தில் 79,900. எண்களை அடுக்கிப் பார்த்தாலே தெரியும், உதிரிபாகங்களின் விலையைக் கூட்டி இந்த எண் வரவில்லை. பக்கத்து நாற்காலிகளைப் பார்த்து வந்திருக்கிறது.

சின்ன நிறுவனம், ஆராய்ச்சிச் செலவைப் பரப்ப அவ்வளவு போன் விற்பதில்லை, அதனால் ஒவ்வொரு போனிலும் சுமை கூடுகிறது என்று ஒரு வாதம் உண்டு. நியாயமானதுதான். அச்சகத்தில் நூறு அழைப்பிதழ் அடித்தால் ஒன்றுக்கு ஆகும் செலவும் பத்தாயிரம் அடித்தால் ஆகும் செலவும் ஒன்றா? ஆனால் விற்பவரின் சிரமம் விலைக்குக் காரணம் சொல்லுமே தவிர, வாங்குபவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று சொல்லாது.

அப்படியானால் நடுத்தரச் சிப்புள்ள போனுக்கு உயர்ந்த விலை எந்தக் காலத்திலும் நியாயமாகாதா? ஆகும். எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல உதாரணம் ஃபேர்போன் 5. நெதர்லாந்து நிறுவனம். 2023 ஆகஸ்ட் இறுதியில் அறிவித்தார்கள், விலை 699 யூரோ. உள்ளே இருந்த சிப் குவால்காமின் கியூசிஎம்6490, போன் (1)-இல் இருந்த 778ஜி வகைக்கு நெருங்கிய உறவு. திரை 90 ஹெர்ட்ஸ், பேட்டரி 4,200 எம்ஏஎச். ஸ்பெக் ஷீட்டை மட்டும் பார்த்தால் பகல் கொள்ளை.

ஆனால் அந்தச் சிப் ஏன் என்று தேடினால் சுவாரசியமான விஷயம் கிடைக்கிறது. அது போனுக்கான சிப்பே கிடையாது, தொழிற்சாலைக் கருவிகளுக்கான வகை. செல்போன் சிப்புகளுக்கு மூன்று நான்கு வருடத்தில் தயாரிப்பாளரின் மென்பொருள் ஆதரவு வற்றிவிடும் நிலைமைதான் அன்று இருந்தது. அதன்பிறகு போன் கம்பெனி நினைத்தாலும் அப்டேட் கொடுப்பது பெரும்பாடு. தொழிற்சாலை வகைச் சிப்புக்கு ஆதரவு நீண்ட காலம் உண்டு. வேகத்தை விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கினார்கள். 2031 வரை மென்பொருள் ஆதரவு, ஐந்து வருட உத்தரவாதம். பேட்டரியை நகத்தால் திறந்து மாற்றலாம், திரையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் வீட்டிலேயே மாற்றலாம். புதுப் பேட்டரி சுமார் 40 யூரோ, திரை சுமார் 100 யூரோ என்று விலைப்பட்டியலே போட்டு விற்றார்கள். பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் 10-க்கு 10 கொடுத்தது. இந்தியாவில் விற்பனைக்கு வராத போன், அதனால் வாங்கச் சொல்லவில்லை. அங்கே நடுத்தரச் சிப் என்பது கொடுத்த விலையின் ஒரு பகுதி, அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதும் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது.

நத்திங் போன் (3)-க்கும் இந்தக் கணக்கைப் போடலாம், போட்டால் முடிவு அவ்வளவு மோசமாகவும் இல்லை. 5 ஆண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகள், 7 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 79,999-ஐ 7-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 11,428. ஒன்பிளஸ் 13-க்கு 4 ஆண்டு ஆண்ட்ராய்டு, 6 ஆண்டு பாதுகாப்பு, வருடத்துக்கு 11,666. கிட்டத்தட்ட சமம். போக்கோவும் 4-ம் 6-ம்தான், வருடத்துக்கு 5,333. ஃபேர்போனை எட்டால் வகுத்தால் 87 யூரோ.

ஆனால் வகுத்தல் கணக்கு, ஏழு வருடம் வைத்திருப்பவருக்குத்தான் பொருந்தும். ஏழாவது வருடத்தில், 2032-இல், அந்த வருடத்து ஆப்களை இந்தச் சிப் தாங்க வேண்டும். சிப்பின் தரநிலை உண்மையில் பேச வேண்டிய இடம் இதுதான். இன்றைக்கு வேகம் போதுமா என்று கேட்டால் இரண்டும் போதும். ஆறாவது வருடம் முக்கப் போவது எது என்று கேட்டால், ஒரு படி கீழே தொடங்கியதுதான் முதலில் முக்கும். நீண்ட வாக்கைக் கொடுத்துவிட்டு அதைச் சுமக்க இரண்டாந்தரத் தோளைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் புரியவில்லை. போதாததற்கு இடையில் ஒருமுறையாவது பேட்டரி மாற்ற வேண்டும். நான் முன்பு வைத்திருந்த வேறொரு கம்பெனி போன், நன்றாகத்தான் ஓடியது, இரண்டே வருடத்தில் அப்டேட் நின்றது. நான்காவது வருடம் வங்கி ஆப் திறக்க மறுத்தது. பேட்டரியாவது மாற்றலாம் என்று போனால் "பார்ட் வரதில்லைங்க சார், புதுசு எடுத்துக்கங்க" என்றார் கவுன்டரில் இருந்த பையன். அதிலிருந்து வாக்குறுதியை மட்டும் பார்ப்பதில்லை, அதை நிறைவேற்ற என்ன ஏற்பாடு இருக்கிறது என்றும் பார்க்கிறேன். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு மாடலின் விற்பனை முடிந்தபிறகும் குறைந்தது 5 ஆண்டு இயங்குதள அப்டேட், 7 ஆண்டு உதிரிபாகம் கொடுக்கச் சொல்கிறது. அங்கே இது சட்டம். நம் ஊரில் இன்னும் விளம்பர வாசகம்.

கடைசியாக, 79,999 என்ற அந்த எண். செப்டம்பர் பண்டிகை விற்பனையில் இதே போன், எல்லாச் சலுகைகளும் சேர்த்து, 35,000 ரூபாய்க்குள் என்று விளம்பரம் வந்தது. மூன்றே மாதம். வங்கிக் கார்டு, பழைய போன் மாற்று என்று நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன என்பது உண்மை, நிபந்தனை இல்லாமலேயே விலை நன்றாக இறங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆடித் தள்ளுபடிக்காகவே சித்திரையில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டும் ஜவுளிக்கடையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே யாரும் முதல் விலைக்குச் சேலை எடுப்பதில்லை, அதனால் யாரும் ஏமாறுவதும் இல்லை. இங்கே ஜூலை மாதம் முதல் வரிசையில் நின்று வாங்கியவர்கள்தான் அந்த நிறுவனத்தை அதிகமாக நம்பியவர்கள். அவர்கள் 24 மாதத் தவணையில் மூன்றாவதைக் கட்டும்போது பக்கத்து இருக்கைக்காரர் பாதி விலைக்கு அதே பெட்டியைப் பிரிக்கிறார். உயர்ந்த விலைப் பொருள் வாங்குபவர் விலையோடு சேர்த்து ஒரு உறுதியையும் வாங்குகிறார், நாளைக்கே இது மலிவாகிவிடாது என்பது. ஐபோன்காரர்கள் மூன்று வருடம் கழித்து விற்றாலும் கணிசமான தொகையைத் திரும்ப எடுப்பது இதனால்தான். அந்த உறுதி இல்லாமல் ஐபோனின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் இந்தப் போனின் மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார்.

ஆகவே என் மதிப்பீடு இது. 79,999-க்கு இந்தப் போன் தகாது. அந்தப் பணத்துக்கு ஒன்பிளஸ் 13 வாங்கிப் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கலாம். கைக்கு அடக்கமாக வேண்டுமென்றால் 2025 ஜூனில் 8 எலைட்டுடன் 54,999-க்கு அறிமுகமான 13எஸ் இருக்கிறது. போன் (3)-ஐ 45,000-க்குக் கீழே, நிபந்தனை இல்லாத விலையில் பார்த்தால், கேமராவும் மென்பொருளும் முக்கியம் என்பவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். போக்கோவுக்கு மேல் 13,000 கொடுப்பதற்கான சரக்கு இதில் நிச்சயம் இருக்கிறது. 55,000-க்கு என்றால் அந்த வட்ட விளக்கு உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பொறுத்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா பையனிடம் ஜூலையிலேயே "தீபாவளி வரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டேன். அவன் பொறுத்தானா இல்லையா என்பது அவன் சமாச்சாரம். பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: நான் வைத்திருப்பது மூன்று வருடப் பழைய போன், போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன், 1,800 ரூபாய் ஆனது.